பதினோராம் வரிசை

மரத்தின் மேல்பாதி நன்றாக இருந்தது. ரெஜினாவுக்குப் பிடிபடாதது அதுதான்.

வேர் அழுகியிருந்தால் நுனி முதலில் வாடியிருக்கும். தண்ணீர் போதாவிட்டாலும் அப்படியே. பூச்சி வந்திருந்தால் இளசாகப் பார்த்துக் கடித்திருக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். உச்சி பச்சை. கிளைகளின் முனையில் இந்த வருஷம் முளைத்த இளம் ஊசி இலைகளும் பச்சை. கீழ்க் கிளைகளில், தண்டை ஒட்டிய உள்பக்கத்தில் இருந்த பழைய ஊசிகள் மட்டும் ஊதா கலந்த பழுப்பாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. கோல் பிடித்த ஓர் ஆள் எட்டக்கூடிய உயரம் வரை வந்து, கோடு கிழித்தது போல் நோய் நின்றுவிட்டது. பதினோராம் வரிசை முழுக்க இதே கதை. பத்தாம் வரிசையில் ஓர் ஊசி உதிரவில்லை. பன்னிரண்டிலும் இல்லை.

ரெஜினா மரநோய் ஆய்வாளர். பனிமேட்டுத் தண்ணீர் சபை கேட்டுக்கொண்டதால் மலையேறி வந்திருந்தாள். மண்ணைச் சோதித்தாள், குறையில்லை. வேரைத் தோண்டிப் பார்த்தாள், வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு வாரமாக அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

"என்ன மேடம், மரம் என்ன சொல்லுது?" பின்னால் வந்து நின்ற முத்துராக்கு கேட்டாள். "எங்களை மலையை விட்டு இறங்கச் சொல்லுதா?"

இந்த வரிசை இந்த வருஷம் முத்துராக்கு குடும்பத்தின் பொறுப்பு. ஐம்பதை நெருங்கும் வயது. எந்தப் பேச்சிலும் ஒரு குத்தல் இருக்கும். ஆனால் இந்த வாரம் குரலில் குத்தலைவிடப் பயம்தான் அதிகம்.

"மரம் இன்னும் வாயைத் திறக்கலைக்கா."

"சீக்கிரம் திறக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சபை கூடுது. அதுக்கு முன்னால அது பேசலேன்னா ஊரு பேசிடும். என் மக பூமயிலுக்கு இது நிறைமாசம். இந்த வயித்தோட அவளை எப்படி நான் கீழ கூட்டிட்டுப் போவேன்?"

பனிமேட்டில் ஊற்று கிடையாது, ஓடை கிடையாது. கடல் ஏறி, ராமநாதபுரக் கடற்கரையின் கிணறெல்லாம் உப்பான பிறகு, அங்கிருந்த மக்களை நீலகிரியின் இந்த முகட்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இங்கே மழை குறைவு, மூடுபனி அதிகம். மூடுபனி என்பது தண்ணீர்தான். தாமாகக் கீழே விழாத அளவுக்குச் சிறிய துளிகளாகக் காற்றில் மிதக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடிப்பதற்காகவே ஒரு மரத்தை உண்டாக்கினார்கள். குளிர்நாட்டு ஸ்புரூஸ் மரத்தின் மரபணுவைத் திருத்தி, அதன் ஊசி இலை ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நுண்ணிய பள்ளங்கள் வரும்படி செய்தார்கள். பனித்துளி ஊசியில் மோதி ஒட்டும்; பள்ளத்தில் அடுத்த துளியோடு சேரும்; சேர்ந்து கனத்ததும் நழுவும். பனியை வாரி எடுப்பதால் ஊர்க்காரர்கள் அதைச் சீப்பு மரம் என்றார்கள்.

விடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் வரிசைக்குப் போய், நீண்ட கோலால் கிளைகளை உலுக்கும். கொட்டும் துளிகள் மரத்தடியில் விரித்த தார்ப்பாயில் வழிந்து ஊர்த் தொட்டிக்கு ஓடும். உலுக்காமல் விட்டால், வெயில் ஏறியதும் பாதித் தண்ணீர் ஆவியாகிவிடும்.

எல்லா வரிசையும் ஒரே மாதிரி தராது. காற்றைப் பார்த்து நிற்கும் வரிசைக்கு அதிகம் கிடைக்கும். அதனால் கடற்கரையில் கரைவலைக்கு முறை வைத்ததைப் போலவே இங்கும் முறை வைத்தார்கள். சித்திரை முதல் நாள் சீட்டுக் குலுக்கி வரிசை மாறிக்கொள்வார்கள். வரிசைதான் மாறும், கோல் மாறாது. வலையைப் போல் கோலும் அவரவர் வீட்டு உடைமை. ஊசிகளுக்குக் காயம் படக்கூடாது என்று கோலின் நுனியில் தேங்காய் நாரைப் பந்துபோல் சுற்றி வைத்திருப்பார்கள். யாருடைய நார்ப் பந்து மெத்தென்று இருக்கிறது என்பதில் வீட்டுக்கு வீடு பெருமை உண்டு.

ஊரில் கடுமையான விதி ஒன்றே ஒன்று. மரத்தைக் கெடுத்தவர் மலையில் இருக்கக்கூடாது. போன வருஷம் ஆறாம் வரிசை இப்படித்தான் கொட்டியது. அதை வைத்திருந்த சந்தியாகு, சோப்புத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினார் என்று யாரோ சொல்ல, குடும்பத்தோடு அடிவார முகாமுக்கு இறக்கிவிட்டார்கள். இந்த வருஷக் கத்திரி வெயிலில் முகாமில் சந்தியாகு செத்துப்போனார். செய்தி மேலே வந்தபோது ஊரே அழுதது. ஆனால் விதி தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

பழுப்பு ஊசி எதுவும் காட்டித் தராததால், ரெஜினா அன்று வேறு வழியில் போனாள். பழுப்பும் பச்சையும் கலந்து, இன்னும் விழாமல் தொங்கிய ஊசிகளைப் பறித்தாள். சாப்பாட்டு டப்பாவில் ஈரக் காகிதம் விரித்து, ஊசிகளை அடுக்கி மூடி, அடுப்படி ஓரத்தில் கதகதப்பாக வைத்தாள். செடிக்குள் காளான் ஒளிந்திருந்தால் அது வெளியே வருவதற்கு ஈரமும் சூடும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் அவசரப்பட்டு வெளியே வந்துவிடும்.

மூன்றாம் நாள் டப்பாவோடு முத்துராக்கு வீட்டுக்கே போனாள். வாசலில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பூமயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, இந்த லென்ஸ்ல பாருங்க. ஊசியோட அடிப்பக்கம்."

முத்துராக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "கறுப்புக் கறுப்பா புள்ளி. கோலப் புள்ளி கணக்கா வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணு தலையிலயும் வெள்ளையா ஒரு தொப்பி."

"அந்த வரிசைதான் விஷயமே. நல்ல ஊசியில அந்த இடத்துல வெள்ளைப் பொட்டு வரிசையா இருக்கும். அது மரம் மூச்சு விடுற துளை. துளை மேல மெழுகு இருக்கும், அதான் வெள்ளை. காளான் ஊசிக்குள்ள இருந்துகிட்டு, ஒவ்வொரு துளை வழியாவும் ஒரு கறுப்பு உருண்டையை வெளிய தள்ளுது. தள்ளுறப்ப அந்த மெழுகையும் தலையில தூக்கிட்டு வருது."

"அப்ப மூச்சுத் துளையை அடைச்சிருச்சு."

"ஆமா. மூச்சு முட்டி ஊசி விழுந்துடும். மழை அடிச்சோ, தண்ணி சிதறியோ அந்த உருண்டை நனைஞ்சா, அதுல இருந்து வித்து கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத வித்து. அது தண்ணியோடதான் போகும், காத்துல ரொம்ப தூரம் போகாது. புதுசா முளைச்ச, இன்னும் முத்தாத ஊசி மேல விழுந்தாத்தான் உள்ள புகும். முத்தின ஊசிக்குள்ள அதால போக முடியாது."

பூமயில் குறுக்கிட்டாள். "மருந்து அடிச்சாப் போயிடுமா?"

"செம்பு மருந்து இருக்கும்மா. மத்த ஊர்ல மொட்டு விரியறப்ப அடிப்பாங்க, நல்லாவே கேட்கும். இங்க அந்த ஊசியில வழியிற தண்ணியத்தானே நீ குடிக்கிறே."

பூமயில் தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்தாள்.

விளக்கம் சொல்வதென்றால் ரெஜினாவுக்கு நிறுத்தத் தெரியாது. புள்ளி கிடைத்த மகிழ்ச்சி வேறு. "இதுல வேடிக்கை என்னன்னா, உள்ள புகுந்ததும் ஒண்ணுமே தெரியாது. சித்திரையில புகுந்துச்சுன்னா அந்த வருஷம் பூரா ஊசி பச்சையாத்தான் இருக்கும். மெதுவா உள்ள பரவி, அடுத்த வருஷம் இதே ஆடியிலதான் பழுத்துக் கொட்டும். இப்ப கொட்டுறதெல்லாம் போன வருஷம் சித்திரையில பிடிச்சது."

முத்துராக்கு லென்ஸைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் சித்திரையிலயா?"

"ஆமாக்கா."

"போன வருஷம் நான் இங்க இல்லையே, மேடம். நான் ஒம்பதாவது வரிசையில இருந்தேன்."

மரத்துக்குள் நடக்கும் நேரக் கணக்கை இவ்வளவு நேரம் ரசித்துச் சொன்ன ரெஜினாவுக்கு, மரத்தடியில் ஆள் மாறுவது நினைவிலேயே வரவில்லை. ஒன்பதாம் வரிசையில் ஓர் ஊசிகூடக் கொட்டவில்லை.

"அப்ப போன வருஷம் ஆறாவது கொட்டினது..." என்று தொடங்கினாள்.

"அதுக்கும் முந்தின வருஷம் பிடிச்சது." முத்துராக்குவே முடித்தாள். "சந்தியாகு அண்ணன் அந்த வருஷம் ஆறாவதுல இல்ல. போன வருஷம் சித்திரையிலதான் அங்க வந்தாக. வந்து நாலு மாசத்துல... சோப்புத் தண்ணின்னு சொன்னாகளே. நானுந்தான் தலையாட்டினேன்."



"அந்த வருஷம் ஆறாவதுல யாரு இருந்தாங்க?" ரெஜினா கேட்டாள். "போன வருஷம் பதினொண்ணுல யாரு?"

முத்துராக்கு பதில் சொல்ல வாயெடுத்து, மகளைப் பார்த்தாள். பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"அதை நான் சொல்லமாட்டேன் மேடம். எங்க படகு கவுந்தப்ப எங்களைத் தூக்கிப் போட்டுக் கரை சேர்த்த மனுசன். நீங்க சபையில கேளுங்க. அவருக்குப் பொய் வராது."

ரெஜினா அன்று மாலைக்குள் இன்னொரு வேலை செய்தாள். ஆளோடு வரிசை மாறும், நார்ப் பந்து காயாத ஒரு கோல்தான் நோயைச் சுமந்து போகிறது என்றால், இந்த வருஷம் அந்தக் கோல் இருக்கும் வரிசையில் மட்டும் இளம் ஊசிகளுக்குள் காளான் இருக்க வேண்டும். எந்த வரிசை என்று தெரிந்தால் அதைத் தனியாகப் பிரித்து மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம். எல்லா வரிசைகளிலிருந்தும் பச்சைப் பசேலென்ற இளம் ஊசிகளைக் கொண்டுவந்து, வரிசைக்கு ஒரு டப்பாவாக ஈரத்தில் அடைத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் டப்பாவைத் திறந்தாள். பச்சை ஊசியின் அடியில் கறுப்புப் புள்ளிகள், வரிசையாக. இதுதான் அந்த வரிசை என்று நினைத்தாள். இரண்டாவதைத் திறந்தாள். அதிலும் இருந்தது. மூன்றாவது, நான்காவது என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள்; எல்லாவற்றிலும் இருந்தது. கடைசி டப்பாவை மூடியபடியே வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திறந்தாள். அதிலும் இருந்தது. வெளியே ஜன்னலில் மலை முழுக்கப் பச்சையாக நின்றது. அடுத்த ஆடியில் அத்தனையும் கொட்டப்போகிறது. ஒரு கோல் ஒரே சித்திரையில் இத்தனை வரிசைகளுக்கும் எப்படிப் போயிருக்க முடியும் என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து, தொட்டிக் கொட்டகையில் சபை கூடியது. தலைவர் காதர் மீரா நடுவில் உட்கார்ந்தார். அறுபது வயது, கடலில் வெந்த முகம். வீட்டுக்கு ஒருவராக வந்திருந்தார்கள். முத்துராக்கு தூணோரம் நின்றாள்.

"ராக்கு, உன்னை நிக்க வைக்கணும்னு எனக்கு ஆசையில்ல," என்றார் காதர் மீரா. "ஆனா வரிசை உன் பொறுப்பு. மேடம், நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

ரெஜினா டப்பாவில் கண்டதை, ஊசிக்குள் ஒரு வருஷம் மறைந்திருப்பதை, சிதறும் தண்ணீரில் வித்து போவதை, ஈரமான நாரில் அது தங்கிக்கொள்வதை, முத்துராக்குவிடம் சொன்ன அதே நிதானத்தில் சொன்னாள்.

"கோல் நுனியில நார்ப் பந்து இருக்குல்ல, அது காயவே காயாது. நோய் பிடிச்ச கிளையை உலுக்கினா வித்து அதுல ஏறிக்கும். அடுத்த மரத்தை உலுக்கறப்ப இறங்கும். ஊசிக்கு வலிக்கக்கூடாதுன்னு சுத்தினது. அதுதான் தூக்கிட்டுப் போயிருக்கு."

"அப்ப ராக்குவோட கோலு..." என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"இல்லண்ணே. இப்ப கொட்டுறது போன வருஷம் பிடிச்சது. போன வருஷம் அக்கா ஒம்பதாவதுல இருந்தாங்க. ஆறாவது கொட்டினது அதுக்கு முந்தின வருஷம் பிடிச்சது. அப்ப சந்தியாகு ஆறாவதுல இல்லை. நான் கேட்கிறது ஒண்ணுதான். அந்த முந்தின வருஷம் ஆறாவதுலயும், போன வருஷம் பதினொண்ணுலயும் இருந்தது யாரு?"

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கணக்குப் போடுவது தெரிந்தது. கணக்கு முடிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

காதர் மீரா கடைசியாகத்தான் முடித்தார். அவர் விரல்கள் தாடியில் அப்படியே நின்றன.

"ஆறு... அது நான்." பிறகு, "பதினொண்ணும் நான்தான்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார். "சந்தியாகுவை நான்தான் இறங்குன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. கோலை மட்டும் மகன் எடுத்துக்கட்டும்னு கேட்டான். அதையும் கூடாதுன்னேன்."

"உங்களுக்குத் தெரியாதே பாய்," என்றாள் முத்துராக்கு.

"அவனும் எதுக்குன்னு தெரியாமத்தான் செத்தான் ராக்கு."

ரெஜினா மீதியையும் சொல்லியாக வேண்டியிருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்கு. இந்த வருஷத்து இளம் ஊசி எல்லாத்துலயும் புள்ளி இருக்கு. எல்லா வரிசையிலயும். அது எப்படின்னுதான் எனக்குத் தெரியலை. உங்க கோல் ஒண்ணுதான் அப்படின்னா, இந்த வருஷம் நீங்க இருக்கிற வரிசையிலதான் இருக்கணும்."

காதர் மீரா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அவள் வெகுநாள் மறக்கவில்லை.

"சந்தியாகு போனப்புறம் ஊர்ல பயம் வந்துருச்சு மேடம். நோய் பரவக்கூடாதுன்னு இந்த வருஷம் புதுசா ஒரு ஏற்பாடு பண்ணினேன். சீட்டுக் குலுக்குறதுக்கு முன்னால, எல்லாக் கோலையும் சுத்தம் பண்ணணும்னு சொன்னேன்." அவர் தன் கோலைப் பார்த்தார். "ஒரே தொட்டி. ஒரே தண்ணி. முதல்ல முக்கினது என் கோல்."

ஒரு பெண் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் பேசிய ஆள், தான் கொண்டுவந்திருந்த கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கோலையெல்லாம் கழுவி நல்லபடியாகச் சித்திரையைத் தொடங்கிய ஊர், அன்று காலையிலேயே தன் குடிதண்ணீருக்குக் குழி தோண்டியிருந்தது.

முதலில் பேசியது முத்துராக்குதான்.

"விதிப்படி பாத்தா இப்ப ஊரே இறங்கணும். யாரு மேல இருந்து யாரை இறக்குறது? அழுதது போதும். மேடம், மரம் பிழைக்குமா, பிழைக்காதா? அதைச் சொல்லுங்க."

"பிழைக்கும். ஒரு வருஷக் கொட்டலை மரம் தாங்கும். மூணு நாலு வருஷம் தொடர்ந்து கொட்டினாத்தான் கிளை காயும். அடுத்த வருஷக் கொட்டலை நம்மால நிறுத்த முடியாது, அது உள்ள போயாச்சு. அதுக்கு அடுத்த வருஷத்தை நிறுத்தலாம். இளம் ஊசி முத்துற வரைக்கும் தண்ணி சிதறக்கூடாது. அதாவது உலுக்கக்கூடாது."

"சித்திரையில இருந்து ஆனி வரைக்கும் உலுக்காம இருக்கிறதா?" பின்வரிசை ஆள் கேட்டான். "குடிக்கிறதுக்கு என்ன பண்ண?"

"தானா சொட்டுறது வரும். பாதி ஊருக்குக் காணும். இன்னொண்ணு, மரங்க ரொம்ப அடைசலா நிக்குது. உள்ள காத்துப் போகாததால கீழ்க் கிளை காயறதே இல்லை. காயாத ஊசியிலதான் வித்து முளைக்கும். ஒண்ணுவிட்டு ஒரு மரத்தை எடுத்துடணும்."

"பாதி மரத்தையா?" சபை முழுக்க ஒரு முணுமுணுப்பு.

"தண்ணி பாதியாக் குறையாதுண்ணே. இப்ப காத்து இந்த மரச் சுவத்துல முட்டி, மேல ஏறிப் போயிடுது. பனியும் அதோட போயிடுது. இடைவெளி விட்டா காத்து உள்ள புகுந்து போகும், ஊசிகளுக்கு நடுவுல. வலைக்குக் கண்ணி இல்லாம துணி கட்டினா மீன் விழுமா? அதே மாதிரிதான்."

இது அவர்களுக்குப் புரிந்தது. ஒரு கிழவர் மெல்லத் தலையாட்டினார்.

"பாதி ஊருக்குத்தான் தண்ணி காணும்னா," காதர் மீரா சொன்னார், "மீதிப் பாதி அந்த மாசமெல்லாம் கீழ இருக்கணும். நான் போறேன். திரும்பி வரலை."

"பாய், நீங்க திரும்பி வராம இருந்தா சந்தியாகு அண்ணன் எந்திரிச்சு வரமாட்டாரு," என்றாள் முத்துராக்கு. "போறதுக்கும் முறை வைங்க. எல்லாத்துக்கும் வைக்கிறோம்ல. உலுக்காத மாசத்துக்கு ஒரு வருஷம் பாதி வீடு, மறுவருஷம் மீதி வீடு. போயிட்டு வரணும். நீங்களும் வரணும். கைக்குழந்தை இருக்கிற வீடு போக வேண்டாம்."

காதர் மீரா தன் கோலை எடுத்து மடியில் வைத்து, நுனியிலிருந்த நாரைப் பிரிக்கத் தொடங்கினார். பல வருஷமாகச் சுற்றியது. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவர் அடிவாரத்துக்கு இறங்கி, சந்தியாகுவின் மனைவியின் முன்னால் போய் நின்றார். அவள் அவரோடு பேசவில்லை. மகன் மட்டும் மேலே வரச் சம்மதித்தான். அவள் கடைசிவரை வரவில்லை.

அடுத்த ஆடியில் எல்லா வரிசைகளும் கொட்டின. யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. அதற்கடுத்த ஆடியில் கொட்டவில்லை.

செய்தது இவ்வளவுதான். ஒன்றுவிட்டு ஒரு மரத்தை வெட்டி எடுத்தார்கள். மிச்ச மரங்களில் இடுப்புயரம் வரை கீழ்க் கிளைகளைக் கழித்து எரித்தார்கள். இரண்டையும் ஊசி காய்ந்திருக்கும் நாட்களில் மட்டும் செய்தார்கள். கோலில் நார் சுற்றுவதில்லை. கோல் வரிசையோடு இருக்கும், ஆளோடு போகாது. உலுக்கி முடித்ததும் ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாகக் கொதிநீர் ஊற்றுகிறார்கள். மொட்டு விரிவதிலிருந்து ஊசி முற்றும் வரை யாரும் மரத்தை உலுக்குவதில்லை. அந்த மாதங்களில் தொட்டித் தண்ணீர் பாதிப் பேருக்குத்தான் காணும் என்பதால், மற்றப் பாதிப் பேர் முறை வைத்து அடிவாரத்துக்கு இறங்கி, ஊசி முற்றியதும் ஏறி வருகிறார்கள்.